எதிர் வாசலில் எத்தனை ஜோடி

வெட்டாங்குளம் வாரியக் குடியிருப்பில் ஒரு ஜோடி செருப்புக்கு வழி தெரிய ஆரம்பித்த அந்த ஆவணி மாதத்துக்கு முன்னால், பதினெட்டு வருஷமாக அங்கே வழி தெரிந்தவள் தவமணி ஒருத்திதான். ஆற்றங்கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் குடியிருந்த சனத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, நாலு மாடிக் கட்டடங்களில் அடுக்கிவிட்டுப் போன அன்றைக்கு, இனி எந்த ஆபீசுக்குப் போவது, எந்த பஸ்ஸில் ஏறுவது, எந்த ஜன்னலில் நிற்பது என்று சொல்ல ஆளில்லாமல் எல்லாரும் மூட்டை முடிச்சின் மேல் உட்கார்ந்திருந்தபோது, எட்டாம் வகுப்பு வரை படித்த தவமணி ஒரு மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்; கிளம்பினவள்தான், அதற்குப் பிறகு உட்காரவே இல்லை. விதவைப் பணத்துக்கு எங்கே எழுதிக் கொடுப்பது, கண் ஆபரேஷன் முகாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த மாதம் போடுவார்கள், எந்த ஆபீசில் எந்த நாற்காலிக்காரர் மத்தியானத்துக்கு மேல் சிடுசிடுப்பார், எங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்கும் என்பது வரை அலைந்து அலைந்து ஏழு நோட்டுகளில் எழுதி வைத்திருந்தாள். இதற்கெல்லாம் அவள் கூலி வாங்கியதில்லை. டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பாள், அதிலும் சர்க்கரை குறைந்தால் முகத்தைச் சுளிப்பாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்ததும் வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்று எண்ணுவாள். ஒன்பது, பதினொன்று, மழை நாளில்கூட ஏழு. பஸ் டிப்போவில் வண்டி கழுவும் வேலை பார்க்கிற அவள் புருஷன் ஏகாம்பரம், "இன்னிக்கு இன்னாம்மா கலெக்சன்?" என்று பல் விளக்கிக்கொண்டே கேட்பான். "பதினாலு," என்று அவள் சலித்துக்கொள்கிற மாதிரி சொல்லுவாள். அந்தச் சலிப்பில் இருக்கும் சந்தோஷம் அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அப்படி இருக்கையில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஜெபக்கனி என்று ஒருத்தி, ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பாயுமாக, எதிர் பிளாக்கில் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் படகோடு போனவன் திரும்பவில்லை என்றார்கள். துணிக் கம்பெனியில் சாயங்கால ஷிப்டில் இஸ்திரி போடும் வேலை. யாரோடும் அதிகம் பேசமாட்டாள். அவளிடம் இருந்தது நீல வாரு வைத்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, இடது கால் வாரு பிய்ந்து, அடியில் ஊக்குக் குத்தியது.

அவளுக்குப் பக்கத்து வீட்டு மரகதத்தின் செருப்பை ஒருநாள் நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடைக்குப் போய் உப்பு வாங்கி வரலாமென்று மரகதம் ஜெபக்கனியின் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கால் கடையைத் தாண்டிப் போயிற்று. சரி, அடுத்த கடைக்கு என்று நினைத்தாள், அதையும் தாண்டிப் போய், பஸ் நிறுத்தத்தில் நின்று, வந்த பஸ்களில் மூன்றை விட்டு நாலாவதில் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, அவள் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஒரு தெருவில், ஒரு முட்டைக் கிடங்குக்குப் பின்னால், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் செருப்பு அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே ஒரு அறக்கட்டளைக்காரர்கள் டிரைவர்களின் பெண் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு தருகிறார்கள். மரகதத்தின் செத்துப்போன புருஷன் வேன் டிரைவர், மகள் நர்சிங் படிக்க ஆசைப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். சாயங்காலம் கையில் ஒரு ரசீதோடு திரும்பி வந்த மரகதத்திடம் பிளாக்கே கூடி நின்று கேட்டது, "உப்பு எங்கடி?" என்பதுதான்.

அதற்கப்புறம் கேட்டது, "அந்தச் செருப்பு இன்னா சைஸ்?"

ஏழாம் நம்பர். பெரிய கால்காரர்கள் குதிகாலை வெளியே விட்டுக்கொண்டு போனார்கள், சின்னப் பிள்ளைகளுக்குத் துணி சுற்றிக் கட்டிவிட்டார்கள், ஒற்றைக் கால் பாஸ்கரன் ஒன்றைக் காலிலும் ஒன்றை ஊன்றுகோலின் அடியில் கயிறு போட்டும் கட்டிக்கொண்டு போய் மூன்று சக்கர வண்டியோடு திரும்பி வந்தான். சாராய ஆசையில் ஒருத்தன் மாட்டிப் பார்த்தான்; செருப்பு நகரவே இல்லை, வெயில் ஏறும்வரை மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நட்டு வைத்தது மாதிரி நின்றுவிட்டு வெட்கப்பட்டுக் கழற்றிக் கொடுத்தான். போகிறவர்கள் தரையைப் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, கால் போகிற போக்கில் விட்டுவிட வேண்டும் என்று ஒரு முறை ஏற்பட்டது. பஸ் கண்டக்டர்கள் ஊக்குக் குத்திய நீல வாரைப் பார்த்தால் எங்கே போகணும் என்று கேட்காமல், இறங்கும்போது டிக்கெட் கிழித்தார்கள். ஆபீஸ் வாசலுக்கு வந்ததும் செருப்பு நின்றுவிடும். அதிகாரி அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகிற பழக்கம்தான் நம் சனத்துக்குக் கிடையாதே. வெளியே கழற்றிவிட்டு உள்ளே போய் வந்தால் அது விட்ட இடத்தில் கிடக்கும், யாரும் தொட்டதில்லை. யாரோ ஒருத்தி அதற்கு மஞ்சள் குங்குமம் வைக்கப் போக, "செருப்புக்கெல்லாம் பொட்டு வைக்காதீக, எனக்குக் கூச்சமா இருக்கு," என்று ஜெபக்கனி கையைப் பிடித்துக்கொண்டாள். பிளாக்குக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் கோயிலுக்குப் போவதால் செருப்புக்கு லீவு.

இதெல்லாம் தவமணியின் அடுப்படி ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். எதிர் மாடி, நேர் எதிர் வாசல். முதலில் அவள் சிரித்தாள். "செருப்புக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு தன் வாசலில் பதினொன்று ஆறாகி, ஆறு மூன்றாகி, ஒருநாள் கதவைத் திறந்தால் ஏகாம்பரத்தின் செருப்பு மட்டும் கிடந்தது. எதிர் வாசலில் எண்ணினாள். பத்தொன்பது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் எண்ணினாள். இருபது, ஒன்றை முன்னே கதவு மறைத்திருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு காந்தல். சோறு இறங்கவில்லை. முட்டைக் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற அறக்கட்டளை, அவள் பதினெட்டு வருஷத்தில் கேள்விப்பட்டிராத அறக்கட்டளை. அதை யாருக்கும் தெரியாமல் எட்டாவது நோட்டில் எழுதிக்கொண்டாள், எழுதும்போது அழுகை வந்தது. வெயிலில் வரிசையில் நின்று, வாட்ச்மேனிடம் திட்டு வாங்கி, பத்து தடவை போய்ப் பதினோராம் தடவை கற்றுக்கொண்டதை, ஊக்குக் குத்திய ஒரு ரப்பர் செருப்பு சும்மா வந்து தட்டிக்கொண்டு போவதா? அந்தக் கோபம் செருப்பின் மேல் நிற்காமல் செருப்புக்காரி மேல் ஏறிற்று. போதாததற்கு அவள் தினமும் காலையில், செருப்பை மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால், தானே மாட்டிக்கொண்டு இறங்கி வந்து, தவமணி வீட்டு மாடிப்படியின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். ஜன்னலில் தவமணி முகம் தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போவாள்.

"எத்தினி ஜோடின்னு எண்ணிப் பார்க்க வர்றா," என்றாள் தவமணி.

"அங்கேருந்து பார்த்தா இன்னா தெரியும்?" என்றான் ஏகாம்பரம்.

"எரியிற வயித்துல ஊதுறதுக்கு வர்றா. உனுக்கு ஒண்ணும் தெரியாது, நீ பஸ்ஸக் கழுவு."

ஞாயிறு சந்தையில் அதே நீல வாரு, அதே ஏழாம் நம்பரில் ஒரு ஜோடி வாங்கினாள். பத்து நாள் மொட்டை மாடியில் அதைப் போட்டு நடந்தாள், செங்கல்லில் குதிகாலைத் தேய்த்தாள், இடது வாரைப் பிய்த்து ஊக்குக் குத்தினாள். இத்தனை சிரத்தையாக அவள் தன் கல்யாணத்துக்குக்கூட எதுவும் செய்ததில்லை. மரகதத்தின் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு நடந்த வீட்டில், வாசல் நிறையச் செருப்பு குவிந்து கிடந்த நேரத்தில், உள்ளே பெண்கள் வளையல் அடுக்கிப் பாடிக்கொண்டிருக்கையில், தவமணி வெளியே வந்து அதை வைத்து இதை எடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி உள்ளே போய் ஐந்து வகைச் சோற்றையும் வாங்கிச் சாப்பிட்டாள். அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சோறு இறங்கிற்று. நிஜச் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்தாள். காலையில் பெருக்கும்போது பார்த்தால் சாக்கு அப்படியே இருக்கும், உள்ளே செருப்பின் முனை மட்டும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அவள் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பாள்.

அவள் நினைத்தது இவ்வளவுதான்: நாலு பேர் அந்தப் பொய்ச் செருப்பைப் போட்டு நாலு தெரு வீணாகச் சுற்றுவார்கள், செருப்பைத் திட்டுவார்கள், தவமணியக்காவே மேல் என்பார்கள்.

மறுநாள் செருப்பு நாகவல்லியின் முறை என்பதை அவள் யோசிக்கவில்லை. நாகவல்லிக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, யாழினி. பட்டாசு வெடித்தாலும் திரும்பிப் பார்க்காது. காது கேட்காத குழந்தைகளுக்கான முகாம் ஒன்று அன்றைக்கு மத்தியானம் ஒரு மணியோடு முடிகிறது, விட்டால் அடுத்த வருஷம்தான் என்பது தவமணியின் ஐந்தாம் நோட்டில் இருந்தது. முகாம் என்று ஒன்று இருப்பதே நாகவல்லிக்குத் தெரியாது. ஒன்பதரை மணிக்கு அவள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பொய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, முறைப்படி தரையைப் பார்க்காமல், நேராகப் பார்த்தபடி எதிர் மாடிப்படியில் இறங்குவதைத் தவமணி ஜன்னலிலிருந்து பார்த்தாள். கரண்டி கையிலேயே நின்றது. ஐயோ, இது எங்கே போய் நிற்கும், எந்த வெயிலில் சுற்றும், ஒரு மணி ஆகிவிடுமே என்று கடிகாரத்தைப் பார்த்தாள். கூப்பிடலாமா? கூப்பிட்டு என்னவென்று சொல்வது? ரேஷன் கடை மறைப்புக்குப் பின்னால் நாகவல்லி போய் மறைந்தாள். தவமணி அடுப்பை அணைத்துவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, ஓடிப்போய்ப் பிடிப்போமென்று கதவைத் திறந்தால், வாசலில் நாகவல்லி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"செருப்பு இங்கதான்க்கா கூட்டினு வந்து வுட்டுச்சு," என்றாள்.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. செருப்பு இழுக்காத கால், போய்ப் பழகின இடத்துக்குத்தானே போகும்? பதினெட்டு வருஷமாக அந்தக் குடியிருப்பில் கஷ்டம் வந்த ஒவ்வொரு காலும் ஏறின படி அது. தவமணி மஞ்சள் பையை எடுத்தாள், குழந்தையை வாங்கினாள், பஸ் பிடித்தாள், மூன்று மாதத்துக்கு முந்தின வருமானச் சான்று போதாது என்று சொன்ன ஆளிடம் போதும் என்று சண்டை போட்டு, பன்னிரண்டே முக்காலுக்குக் குழந்தையை டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள். காதில் கருவியை மாட்டிச் சோதித்துப் பார்க்கையில், நர்சம்மா பின்னால் நின்று ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினாள். யாழினி திரும்பிப் பார்த்தது. நாகவல்லி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தவமணியும் அழுதாள், அவளுக்கு அழ இரண்டு காரணம் இருந்தது.

பிறகென்ன, எல்லாரையும் செருப்பு தவமணி வீட்டுக்கே அனுப்ப ஆரம்பித்தது. ஒருத்தியை அது கொண்டுவந்து விட்டால், அவள் பிளாக்கில் மற்றவர்களும் அவரவர் செருப்போடு பின்னாலேயே வந்தார்கள். ஐந்து, பத்து, பதினேழு, இருபத்திரண்டு. படியில் இடமில்லாமல் கைப்பிடிச் சுவர்மேல் செருப்பை வைத்தார்கள். தவமணி எட்டு நோட்டையும் விரித்துப் போட்டுக்கொண்டு, சோறு தண்ணீர் மறந்து எழுதினாள், அலைந்தாள், சண்டை போட்டாள். நாற்பது நாள். அவளுக்கு வேண்டியிருந்தது கிடைத்துவிட்டது. ஆனால் வேலை முடிந்து போகிறவர்கள் யாரைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்றால், வாசலில் கிடக்கிற நீல வாருச் செருப்பை. "சரியான இடத்துல வுட்டுச்சு பாரு," என்று அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் ஜெபக்கனியிடம் கொடுத்து, அவளிடம்தான் நல்ல சேதியைச் சொன்னார்கள். உழைப்பு இவளுடையது, பேர் செருப்புக்கு, நன்றி எதிர் வாசலுக்கு. தான் செங்கல்லில் தேய்த்த செருப்பின் மேலேயே தவமணிக்குப் பொறாமை வந்தது. இப்படியும் ஒரு கேவலம் உண்டா என்று தன்னையே திட்டிக்கொண்டாள், திட்டினதும் இன்னும் கொஞ்சம் எரிந்தது. ஒரே ஒரு ஆறுதல், இந்த நாற்பது நாளும் ஜெபக்கனி காலையில் வந்து படியடியில் நிற்கவில்லை. இருபத்திரண்டை எண்ண அவளுக்கு மனசு வராது என்று தவமணி சொல்லிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரகதம் மகளோடு வந்து, நர்சிங் சேர்ந்ததற்கு எதிர் வீட்டில் ஒரு கிலோ மைசூர்பாகு கொடுத்துவிட்டு, வழியில் பார்த்த தவமணியின் கையில் உடைந்த துண்டு இரண்டை வைத்துவிட்டுப் போனாள். அத்தோடு பொறுமை போயிற்று. நிஜச் செருப்பைக் குளத்தில் எறிந்துவிடுவது என்று தீர்மானித்துக் கட்டிலடியிலிருந்து எடுத்தாள். பட்டப்பகல். கையில் எடுத்துக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன என்பார்கள், பையில் போட்டால் அக்கா எந்த ஆபீசுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பார்கள். காலில் போட்டுக்கொண்டு போனால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? ஊரில் பாதிப் பேர் காலில் நீல வாருதான். ஆத்திரத்தில் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

மாட்டினாள். படியில் இறங்கினாள். குளம் வலது பக்கம். கால் நேராகப் போயிற்று. நின்று பார்த்தாள், நிற்க முடியவில்லை. மின்கம்பத்தைப் பிடித்துப் பார்த்தாள், கை நழுவிற்று. மணலைக் கடந்து, எதிர் மாடிப்படியில் ஏறி, முதல் மாடி, இரண்டாம் மாடி, வழியில் நின்றவர்கள் "இன்னாக்கா இந்தப் பக்கம்?" என்று கேட்டதற்கு முறைப்படி பேசாமல், மூன்றாம் மாடி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. பொய்ச் செருப்புக்குப் பக்கத்தில் நிஜச் செருப்பு தானாகக் காலிலிருந்து கழன்றுகொண்டது.

கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்த ஜெபக்கனி, தலை முக்காட்டை எடுக்காமல், கதவைத் திறந்தாள். இரண்டு ஜோடியையும் பார்த்தாள்.

"வாங்கக்கா," என்றாள். "உள்ள வாங்க."

தவமணி வாசலிலேயே நின்றாள். "நான்தான் மாத்துனேன்," என்றாள் கடைசியில். "வளைகாப்பு வூட்ல."

"தெரியுமே. அன்னைக்கே காலை வச்சதும் தெரிஞ்சு போச்சு. என் பெருவிரல் அழுந்துன பள்ளம் எனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சுமா நாப்பது நாளு அந்தப் பொய்ச் செருப்ப எல்லாருக்கும் குடுத்த?"

"சொல்லிரலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நாகவல்லி புள்ளையோட வந்து நின்னு அழுதா, காது கேக்குதுன்னு. பெறகு போனவங்க எல்லாம் உங்ககிட்டதான போனாங்க, வேலை நடந்துச்சே. நடக்கட்டும்னு விட்டுட்டேன்."

இவளுக்கு நல்ல மனசும் இருக்கவேண்டுமா என்று தவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பையாவது திருடலாம், இதை எங்கே போய்த் திருடுவது?

"அப்ப தினம் காலையில என் படியாண்ட வந்து நின்னு இன்னாத்த எண்ணின?" என்றாள். கோபமாகக் கேட்க நினைத்தாள், பாதியில் கோபம் போய்விட்டது.

"எண்ணுனேனா?" ஜெபக்கனி முக்காட்டை இறக்கினாள். "நானும் அத மாட்டித்தான பாப்பேன், எனக்கும் ஒரு தேவை இருக்கும்லா. எல்லாரையும் எங்கெங்கயோ கூட்டிட்டுப் போவுது, என்னைய மட்டும் தினம் உங்க படியடியில கொண்டாந்து நிறுத்தும். ஏறலாம்னு அண்ணாந்து பாத்தா ஜன்னல்ல நீங்க நிப்பீக. உங்க முகத்தப் பாத்ததும் பயந்துகிட்டுத் திரும்பிருவேன்."

அடுப்படியில் ஒரு பானை கவிழ்ந்து கிடந்தது. தவமணி அப்போதுதான் அந்த வீட்டைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் ஏழை வீடுகளைப் பார்த்த கண்ணுக்கு ஒரு பார்வையில் எல்லாம் தெரிந்துவிட்டது. அரிசி டப்பா இல்லை. கடையில் வாங்கிய அரைக்கிலோ அரிசிப் பொட்டலம் ஒன்று, வாய் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"கார்டு இல்லியா?"

"மாமியார் வீட்டுக் கார்டுல எம் பேரு இருக்கு. எடுத்து விடமாட்டேங்காங்க. அவங்க எடுத்தாத்தான இங்க போட முடியும்னு ரேஷன் கடைல சொல்லிட்டாங்க. எட்டு மாசமாச்சு."

"அவங்க எடுக்க வேணாம்," என்றாள் தவமணி. "நீயே மனு குடுக்கலாம். அரை மணி நேர வேலை."

சொன்னபிறகு அந்த அரை மணி நேரம் அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆவணியிலிருந்து தினம் காலையில் அந்த அரை மணி நேரம் படியடியில் வந்து நின்றிருக்கிறது, இவள் ஜன்னலிலிருந்து முறைத்து அனுப்பியிருக்கிறாள்.

"பைய எடுத்துனு வரல," என்றாள். "என் வூட்டுக்கு வா."

தவமணி வெறுங்காலோடு முன்னே நடந்தாள். வெயிலில் மணல் சுட்டது, சுடட்டும் என்று மெதுவாகவே நடந்தாள். பின்னால் ஊக்குக் குத்திய செருப்பின் சத்தம் படி வரைக்கும் வந்து, ஒரு கணம் நின்று, பிறகு ஏறிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆகையால், ஏகாம்பரத்தின் செருப்பைத் தவிர, தவமணியின் வாசல் காலியாக இருந்தது. ஜெபக்கனி செருப்பைக் கழற்றி, சுவரோரமாக, யாருக்கும் தட்டாதபடி ஒதுக்கி வைத்தாள். தவமணி உள்ளே போய் மஞ்சள் பையைத் திறந்து, மனுவை விரித்து, பேனாவை எடுத்து, முதல் வரியில் பேரை எழுதினாள். செருப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டோமே என்று இன்னும் ஒரு மூலையில் எரிந்துகொண்டுதான் இருந்தது, அது அவ்வளவு சீக்கிரம் அணைகிற அடுப்பு இல்லை.

கட்டிலில் படுத்திருந்த ஏகாம்பரம் எழுந்து உட்கார்ந்து, வந்திருப்பது யாரென்று பார்த்துவிட்டு, வழக்கம்போல் கேட்டான்.

"இன்னிக்கு இன்னாம்மா கலெக்சன்?"

தவமணி எழுதுவதை நிறுத்தாமல் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணு," என்றாள்.